மூடியைக் கழற்றச் சொன்னவர்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கடைசியாக நீளமாக எழுதியது, ரேஷன் கார்டில் பெயரைத் திருத்தச் சொல்லி ஒரு மனு. அதையும் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு வேறு தாளில் புதிதாக எழுதிக் கொடுத்தார். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டாலே எனக்குக் குரல் உள்ளே போய்விடும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. என்னைப் போல வேறு யாரும் அவரிடம் மாட்டிக்கொண்டதும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. கீழே ஒரு கடை. அந்தக் கடையில் பதினோரு வருடம் மோட்டார் வைண்டிங் செய்தவர் அவர். போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. ஊருக்கெல்லாம் வைண்டிங்காரர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். இப்போது ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். கடையில் செல்போன் உறை விற்கிறார்கள்.

அவருக்கு ஒரு குணம். மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். அவருடைய அக்கா மகள் கல்யாணத்தில், மேடைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த சீரில் இருந்து மிக்சியை எடுத்துக் கவிழ்த்து, நாலு திருகாணியையும் கழற்றிவிட்டார். தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெண்ணின் அப்பா பதறிப்போய் ஓடி வந்தார்.

“மாமா, உள்ள அலுமினியக் கம்பி போட்டுருக்கான். ஆறு மாசம்தான் தாங்கும். பில்லு வெச்சிருக்கீங்களா?” என்று மாப்பிள்ளை வீட்டார் காது கேட்கக் கேட்டாராம்.

அந்த மிக்சி ஏழு வருடமாக ஓடுகிறது. அதை யாராவது எடுத்துச் சொன்னால், “ஓடாம என்ன பண்ணும்? அவங்க எங்க அரைக்கறாங்க? ஓட்டல்ல வாங்கித் தின்றாங்க” என்பார்.

அவருடைய சம்சாரம் ஒரு முறை என்னிடம் சொன்னது: “என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கி டெஸ்டர வூட்டுலயே மறந்து வெச்சிட்டு வந்துட்டாரு. அதனாலதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு.”

இன்னொரு வழக்கமும் உண்டு. ஓடுகிற மோட்டாரின் மேல் ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைப்பார். கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே பேரிங் எப்படி இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். மோட்டாரை டிராக்டரில் போட்டுக்கொண்டு வரும் விவசாயிகள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: “நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடுச்சு. திடீர்னு நின்னுபோச்சு.”

“திடீர்னா? மூணு மாசமாக் கத்தியிருக்குது. நீதான் காதுல வாங்கல. வாய் பொய் சொல்லும்ப்பா, பேரிங் சொல்லாது.”

இப்படிப்பட்டவரிடம் போய்த்தான், எனக்கு நடக்கிற மெசின் ஒன்று பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, “தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க. மூணு மாசம் பாக்கலாம். கொறையலன்னா ஊசிதான்” என்று சொல்லிவிட்டார். எங்கள் அப்பா எட்டு வருடம் ஊசி போட்டுக்கொண்டவர். காலையும் மாலையும் வேட்டியை ஒதுக்கித் தொடையில் குத்திக்கொள்வார். மருந்துப் புட்டியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது என் வேலை. எனக்கு அந்த ஊசி வந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது என் நினைப்பு.

ரோட்டில் நாலு நாள் நடந்து பார்த்தேன். எங்கள் ஊரில் ஒரு பொம்பளை கையில் பை இல்லாமல் வேகமாக நடந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். முதல் நாள் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் ஏழு பேர், “எங்கக்கா கெளம்பிட்டீங்க?” என்று நிறுத்திக் கேட்டார்கள். இரண்டாம் நாள் தெரிந்த பையன் ஒருவன் வண்டியை நிறுத்தி, “ஏறுங்கக்கா, வுட்டுட்டுப் போறன்” என்றான். எப்படி மறுப்பது என்று தெரியாமல் ஏறிவிட்டேன். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கும் ஏதோ சொல்லிவைத்தேன். பிறகு அங்கிருந்து பஸ் பிடித்து வந்தேன். நாலாவது நாள் யாரோ என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, “அண்ணி தனியா வெறு வெறுன்னு போறாங்க, வூட்டுல எதாச்சும் சண்டைங்களா?” என்று கேட்டுவிட்டார்கள். அவர் அரூரில் ஒரு விதைக் கடையில் வேலை பார்க்கிறார். வந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குள்ளேயே நடந்துகொள்ள ஒரு டிரெட்மில் வாங்கிவிடலாம், விலை இருபதாயிரத்துக்குள் இருக்க வேண்டும் என்று முடிவானது. என் வீட்டுக்காரர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். நாலு எச்.பி. மோட்டார், பாட்டுப் பெட்டி, தண்ணீர் பாட்டில் வைக்கும் குழி எல்லாம் இருந்தது. போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

“நாலு எச்.பி.ங்களாம்ணா.”

“யாரு சொன்னது?”

“இதுலயே போட்டுருக்குதுங்ணா.”

“மூடியக் கழட்டிக் காட்டுனானா?”

“படந்தாங்ணா இருக்குது.”

“ஏம்மா, நம்ம கொல்லைல மூணு எச்.பி. மோட்டரு எந்த ஆழத்துல இருந்து தண்ணிய இழுத்துக்கினு வருது! உங்க வூட்டு ஹால்ல உன்னைய இழுக்கறதுக்கு நாலு எதுக்கு? அது ஒரு நொடி உச்சத்துல போறதக் கணக்குப் போட்டு எழுதறது. மூச்சப் புடிச்சி ஒரு மூட்டையத் தூக்கறவன் நாள் பூரா தூக்குவானா? விடாம ஓடுனா எத்தினின்னு கேக்கணும். அது மோட்டரு மேல தகட்டுல இருக்கும். தகடு மூடிக்குள்ள இருக்கும். வா, நானே வர்றன்.”

ஒரு நாள் வேலை என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

தருமபுரியில் பெரிய கடை. உள்ளே ஏ.சி. டை கட்டிய ஒருவர் எங்களை உட்காரவைத்துக் குடிக்கக் கலர் சோடா கொடுத்தார். சர்க்கரை என்று சொல்ல வெட்கப்பட்டுக் குடித்துவிட்டேன். பிறகு அவர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, “மேடம் வெயிட் எவ்ளோங்க? அதுக்கேத்த மாடல் காட்டலாம்” என்றார். நான் மெதுவாக அறுபத்தைந்து என்றேன்.

வைண்டிங்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “லோட சரியாச் சொல்லணும்மா. கொறச்சுச் சொன்னா எரியப்போறது மோட்டருதான்” என்றார்.

எழுபத்தெட்டு என்றேன்.

பிறகு அவர் டைக்காரரிடம், “முன்னாடி மூடியக் கழட்டுங்க தம்பி, தகட்டப் பாக்கணும்” என்றார்.

“அதெல்லாம் கழட்டக் கூடாதுங்க சார். டிஸ்பிளே பீஸ். வாரண்டி மூணு வருசம் இருக்குது.”

“வாரண்டி காயிதந்தானே? பூ வாங்கறதுக்கே மோந்து பாக்கறம். இத்தினி காசு குடுத்து வாங்கறதத் தெறக்கக் கூடாதா?”

“சார், மத்த கஸ்டமருங்க எல்லாம் யாரும் கேக்கல.”

“அவங்க ஏமாந்தா நானும் ஏமாறணுமா?”

எழுந்து வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நாலு கடை. எல்லா இடத்திலும் கலர், எல்லா இடத்திலும் எடை, எல்லா இடத்திலும் மூடி. போதாததற்கு, பழைய மெசினே போதும் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெங்களூரில் வாங்கி, ஆசை தீர்ந்ததும் சும்மா போட்டுவைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார். அரூரில் ரிட்டயர்டு அதிகாரி ஒருவர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் மெசின் இருந்தது. பெல்ட் மேல் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் கொட்டை எடுத்த புளி காய்ந்துகொண்டிருந்தது. ஃபேன் காற்று நேராக அங்கேதான் வருமாம்.

இங்கே மூடியைக் கழற்ற யாரும் தடுக்கவில்லை. அவர் கழற்றினார். உள்ளே புளி நார், எறும்பு. பெல்ட்டைத் தூக்கி அடியில் விரலை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“சார், எண்ணெ ஊத்துனீங்களா?”

“ஆமா. கிறீச் கிறீச்சுனு சத்தம் வந்துது. சுத்தமான தேங்கா எண்ணெ, நம்ம செக்குல ஆட்டுனது.”

“இதுக்கு சிலிக்கான் எண்ணெ சார். அதுவும் நாலு சொட்டு.”

“மனுசன் தலைக்கே ஆகுது, மெசினுக்கு ஆகாதா?”

“மெசினுக்கு முடி கொட்டலீங்களே சார். இது நல்ல மெசினு. நீங்கதான் கொன்னுட்டீங்க.”

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய சம்சாரம் நடுவில் புகுந்து, எங்களுக்கு மோர் கொடுத்து, புளியாவது வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிரெட்மில் வாங்கப் போனவள் இரண்டு கிலோ புளியோடு பஸ் ஏறினேன்.

“பொண்ணு பாத்தப்பகூட நான் இத்தினி வூடு ஏறி எறங்கல” என்றார் என் வீட்டுக்காரர்.

இப்படியே நாள் போனது. நடக்க ஒரு மெசின் தேடி, பஸ்ஸில் உட்கார்ந்து போனேன், கடைகளில் உட்கார்ந்து கலர் குடித்தேன், மறுபடி பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். போதும் அண்ணா, ஏதாவது ஒன்றை வாங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லுகிற ஆளாக இருந்தால் ரோட்டிலேயே நடந்திருப்பேன். சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும். இந்த மனிதர் எனக்காகத்தான் அலைகிறாரா, இல்லை நாலு மூடியைக் கழற்றிப் பார்க்க என் சர்க்கரை ஒரு சாக்கா என்று. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவர் சந்தோஷமாக வருவதைப் பார்த்தால் சாக்கு என்றுதான் தோன்றும்.

மூன்று மாதம் முடிந்தது. பரிசோதனையில் சர்க்கரை முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தது.

“நடக்கறீங்களா?” என்றார் டாக்டர்.

“மெசினு பாத்துக்கினு இருக்கறம் சார்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எந்திரிச்சு நடக்கறதுக்கு நல்ல நாளும் பாக்கறீங்களா? இன்னும் ஒரே மாசம். அப்புறம் என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது.”

வீட்டுக்கு வந்தபோது படியிலேயே நின்று வைண்டிங்காரரிடம் அதைச் சொன்னேன். குரல் என்னவோ போல இருந்திருக்க வேண்டும். அவர் கையில் இருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். கடையைச் சாத்தினார். அன்று மத்தியானமே என்னையும் கூட்டிக்கொண்டு தருமபுரி போனார்.

அது சின்னக் கடை. தையல் மெசின், பிள்ளைகள் ஓட்டும் சைக்கிள், மூலையில் அட்டையோடு இரண்டு டிரெட்மில். கடைக்காரர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கலர் தரவில்லை. என் எடையைக் கேட்கவில்லை. மூடியைக் கழற்றலாமா என்று கேட்டதும், “கழட்டுங்க, நானும் பாக்கறன். வித்துக்கினு இருக்கறனே ஒழிய, உள்ள என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியாது” என்று சொல்லி எழுந்து வந்தார்.

இரண்டு பேரும் குனிந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். தகட்டில் ஒன்றே முக்கால் எச்.பி. என்று போட்டிருந்தது. அட்டையில் மூன்றரை. வைண்டிங்காரர் என் பக்கம் திரும்பி, “இதுதாம்மா. வாங்கிக்க” என்றார்.

“அட்டையில வேற போட்டுருக்குதேங்ணா. மத்ததும் இப்படித்தானே இருக்கும்?”

“இருக்கும். எல்லாம் ஒரே மோட்டருதான். ஆனா, தெறக்க வுட்டவன்கிட்ட வாங்குனா நாளைக்கி ரிப்பேருன்னு போய் நிக்கலாம். தெறக்க வுடாதவன்கிட்ட போய் என்னத்தச் சொல்றது?”

மூன்று மாதம் சுற்றிக் கண்டுபிடித்தது இதுதான். மெசினைத் தேர்ந்தெடுக்கவில்லை, கடைக்காரரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பாட்டுப் பெட்டி இல்லை, தண்ணீர் வைக்கக் குழி இல்லை. விலை நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு.

அந்த மெசினை எந்த இடத்தில் வைப்பது என்பதையும் அவரே சொன்னார். நடுவில் போட்டால் தளம் அதிரும், அடியில் பீம் போகிற இடத்தில்தான் போட வேண்டும் என்றார். பீம் போவது முன் அறையில். முன் அறைக்குக் கீழே அவர் வேலை செய்யும் மேசை.

யார் கண்ணிலும் படாமல் நடக்கத்தானே மெசின் வாங்கினோம்? மறுநாள் காலை முதல் முறை ஏறி நடந்தேன். பதினைந்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது. நிறுத்தினேன். கீழே இருந்து சத்தம் வந்தது:

“ஏம்மா! நின்னது மெசினா, நீயா?”

கடையில் மோட்டாரோடு காத்திருந்த ஆட்கள் சிரிப்பது மாடிக்குக் கேட்டது. நான் மறுபடி ஏறினேன்.

அதிலிருந்து அது தினப்படி ஆகிவிட்டது. காய் வாங்கப் போனால், “நேத்து இருவது நிமிசம்தானாமே, உடம்பு சரியில்லீங்களாக்கா?” என்று கேட்பார்கள். சித்தேரி மலையில் இருந்து மோட்டார் கொண்டுவந்த, நான் முன்பின் பார்த்திராத ஒருவர் என்னைப் படியில் பார்த்து, “நீங்கதான் மேல ஓடறவங்களா?” என்று கும்பிட்டார். ரோட்டில் நடந்திருந்தால்கூட இத்தனை பேருக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் எனக்கு மனம் சலித்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சத்தம் வராவிட்டால் கீழே இருந்து குரல் வரும். அதனால் மெசினைப் போட்டு, நாலாம் வேகத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்தேன். பெல்ட் தன் பாட்டுக்கு ஓடியது. நன்றாக இருந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் இதுவரை எங்கள் வீட்டுக்குள் கூப்பிடாமல் வந்ததில்லை. அன்றும் உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார். கையில் அந்த நீள ஸ்க்ரூடிரைவர். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, “வாங்ணா, என்னாங்ணா?” என்றார்.

நான் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மெசினைத்தான் பார்த்தார். “ஒண்ணுமில்ல தம்பி. லோடு இல்லாத சத்தமா வந்துது. பெல்ட்டு கிட்டு வுட்டுருச்சான்னு பாக்க வந்தன்.”

குனிந்து உட்கார்ந்தார். முனையை மூடி மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். வெறும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மெசினையும் பார்த்தார், நாற்காலியையும் பார்த்தார், அவரைக்காயையும் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தார். “மெசின்ல ஒரு கோளாறும் இல்லீங்கம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பதினோரு வருடமாக என்னை வாம்மா, போம்மா என்று பேசியவர் அன்றுதான் முதல் முறையாக ‘ங்க’ போட்டார். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு மெசினில் ஏறினேன். நான் ஏறியதும் மோட்டாரின் சத்தம் கொஞ்சம் இறங்கி, கனத்துக் கேட்டது. மூன்று வாரமாக அதன் மேல் நடந்தும் எனக்கு அது அன்றுதான் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே அவர் மரச் சுத்தியால் தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

அதற்குப் பிறகு அவர் கீழே இருந்து குரல் கொடுக்கவில்லை. நின்றது மெசினா நீயா என்று கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், “அது எதுக்குப்பா உனக்கு? உன் மோட்டரப் பாரு” என்றாராம். அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் சீட்டை இரண்டு முறை பார்த்தார். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம், மாத்திரையே போதும், இப்படியே நடங்கள் என்றார். பஸ்ஸில் வரும்போது அப்பாவை நினைத்துக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குத்தான் போனேன். சீட்டை நீட்டி, “ஊசி வாணாம்னுட்டாருங்ணா” என்றேன்.

வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். என்னிடமே கொடுத்தார்.

“ஒரு தபா ரீடிங் வந்துட்டா ஆச்சாம்மா? மோட்டரக்கூட நான் ஒரு தபா ஓட்டிப் பாத்துட்டு டெலிவரி குடுக்க மாட்டன்” என்று சொல்லிவிட்டுக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். அம்மா என்றுதான் சொன்னார், ‘ங்க’ போடவில்லை.

மறுநாள் அவர் பென்னாகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடை பூட்டியிருந்தது. நான் முப்பத்தைந்து நிமிடம் நடந்தேன்.